கறுப்புப் பொத்தான்

என் அக்காள் செலஸ்டினை அடக்கம் செய்த அன்று, சுங்கைப் பட்டாணி கத்தோலிக்கக் கோயிலில் சாமியார் பேசும்போது "அமைதியே உருவான ஆசிரியை" என்று சொன்னார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்த இளம் சாமியாருக்கு அவளைக் கடைசிக் காலத்தில்தான் தெரியும். அவள் பிறவி வாயாடி. சமையலறையில் பேசுவாள், குளித்துக்கொண்டே பேசுவாள், பூசை நடுவில் என் காதில் பேசுவாள். இரண்டு தடவை பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு தடவையும் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேச அவள் இடமே கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவள் எங்கே, யாரிடம் வாயை மூடக் கற்றுக்கொண்டாள் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம். பெயர் வேண்டாம், துரையின் பேரன் எவனாவது படித்துவிட்டு வழக்குப் போடுவான். மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட காலம். அங்கே தமிழ்ப்பள்ளிக்கு அக்காளை ஆசிரியையாகப் போட்டார்கள். அம்மாவும் அப்பாவும் காலமாகிவிட்டிருந்தார்கள், தனியாக விட மனமில்லாமல் சோறாக்கிப் போட நானும் கூடப் போனேன். சோறாக்கத்தான் போனேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிறகு அவள் என்னை எதற்கெல்லாம் இழுத்துவிட்டாள் என்பது தனிக் கதை.

அந்தச் சமயம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையெல்லாம் பிரித்து ஸ்டோர் பக்கத்தில் ஒன்றாக நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாசல், அதில் துப்பாக்கியோடு காவல். ஊரடங்கு நேரத்தில் மூச்சு விடக்கூடாது. எங்கள் குவாட்டர்ஸும் வேலிக்குள்ளேதான். பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே, வேலிக்கு வெளியே மேட்டில் நின்றது. அதைத் தூக்கி வந்து உள்ளே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் தினமும் வாசலில் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். பன்னிரண்டு வயது தாண்டியவர்கள் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும்.

வந்த புதிதில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அக்காள் லயம் லயமாக நடந்தாள். கடைசி லயத்தின் அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒரு பெண், தூணோடு சேர்த்துப் பழைய சேலையால் இடுப்பில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் ரமணி. வயது பதின்மூன்றோ பதினான்கோ. பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவளாம். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், கால் நிலைக்காது, கழுத்து ஆடும், பேச்சு கிடையாது. இடது கையை மட்டும் முஷ்டியாக வீசி எதையாவது தொடுவாள். கண் மட்டும் போகிற வருகிறவரையெல்லாம் விடாமல் பார்க்கும்.

அம்மா காளியம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், புருஷன் இல்லாதவள். அக்காள் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டாள். காளியம்மா அசரவில்லை.

"முன்னெல்லாம் தூக்கிட்டுப் போயி மரத்தடியில உக்கார வைப்பேன் டீச்சரம்மா. இப்ப காடு பூராம் சோல்ஜர். நில்லுன்னா இவளுக்கு நிக்கத் தெரியாது. யாருன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாது. சுட்டுட்டுப் போயிருவான்லா. கட்டிப் போட்டாலும் வந்து பாக்கையில உசுரோட இருக்கா."

அக்காள் வந்த வழியே திரும்பி நடந்தாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, "அவளுக்கு எல்லாம் புரியுது ஜேன். நான் சத்தம் போட்டப்ப அம்மாவுக்காகக் கண்ணு கலங்குது. புரியுறத சொல்ல வழியில்ல, அவ்வளவுதான்" என்றாள். அவள் அந்தக் குரலில் பேசினால் எங்கள் வீட்டில் யாருக்கோ தூக்கம் போகப்போகிறது என்று அர்த்தம்.

முதலில் படம் வரைந்து காட்டினாள். அக்காளுக்குப் பாட்டு வரும், கணக்கு வரும், படம் வராது. அவள் வரைந்த பசு கட்டில் மாதிரி இருந்தது. ரமணி அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் அக்காள் பக்கத்தில் வைத்த சுண்ணாம்புக் கட்டியைக் கையை வீசித் தொட்டாள். தொட்டுவிட்டுப் பள்ளிக்கூட மேட்டைப் பார்த்தாள். அதோடு படத்தை விட்டுவிட்டு அக்காள் சாமானைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டோரில் கிடந்த ஒரு பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி வந்தாள். முஷ்டி படுகிற அளவுக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு சாமானாக ரப்பர் பாலால் ஒட்டினாள். ரப்பர் பால் காய்ந்துவிட்டால் கத்தி வைத்தாலும் லேசில் வராது. முதலில் ஒட்டியது ஒரு கறுப்புப் பொத்தான். எங்கள் அப்பாவின் கோட்டில் இருந்து என்னைக் கேட்காமல் பிய்த்தது. அதற்கு 'வேண்டாம்' என்று பொருள்.

"எடுத்தவுடனேயே வேண்டாமா? பசி, தாகம் எதையாவது ஒட்டேன்" என்றேன்.

"பசின்னா அம்மா முகத்தப் பாத்தே புரிஞ்சுக்குவா. வேணாம்னு சொல்ல இவளுக்கு இது வரைக்கும் யாரு இடம் குடுத்தா?"

வெள்ளைப் பொத்தான் 'வேண்டும்'. சிரட்டைத் துண்டு தண்ணீர். காளியம்மாவின் சேலைக் கிழிசல் அம்மா. சுண்ணாம்பு பள்ளிக்கூடம். பாய்த் துண்டு படுக்கை. ஒரு துண்டு வேலிக் கம்பி, முனை மழுக்கியது, வெளியே போவதற்கு. சோற்றுக்கு என்ன ஒட்டுவது என்று யோசித்தாள். சோற்றையே ஒட்டினால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் என் அரிசி டின்னில் இருந்து ஒரு சிட்டிகை வேகாத அரிசியை எடுத்துப் பால் தடவிய கட்டத்தில் தூவினாள். வெள்ளையாக, நெருக்கமாக, பார்க்க அழகாக ஒட்டிக்கொண்டது. அதில் தப்பு இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் எதை ஒட்டவும் ரப்பர் பால், சோறு என்றால் அரிசி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பலகை தயாரானதும் ரமணி உடனே பேசிவிடுவாள் என்று நான் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி விட்டதும் அஞ்சடிக்குப் போய், வாரக்கணக்கில் அக்காள்தான் அதில் பேசினாள். "தண்ணி குடிக்கலாமா" என்று வாயால் சொல்லும்போதே சிரட்டையையும் வெள்ளைப் பொத்தானையும் தொடுவாள். அங்கே தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகளும் பலகையைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டாள். கிராணி மனோகரன் ஒருநாள் லயத்துப் பக்கம் வந்து இதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பேசுற பிள்ளைங்களயும் ஊமையாக்கப் போறீங்களா" என்று கிண்டல் செய்தார். தோட்ட ஆபீசில் இங்கிலீஷ் எழுதுகிற ஒரே ஆள் அவர். கிண்டல் செய்வதும் தன் வேலையில் சேர்த்தி என்று நினைப்பவர்.

"பேசுற பிள்ளைக்கு நாம பொறந்த அன்னிலேர்ந்து பேசிக் காட்டுறோம் கிராணியார். இவ பாஷையில இவளுக்கு யாரு பேசிக் காட்டினா?" என்றாள் அக்காள். மனோகரன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் பேசிக் காட்டுவதைவிடப் பெரிய கஷ்டம் பேசாமல் இருப்பது. ரமணியின் கை ஒரு கட்டத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். பாதியில் வேறு பக்கம் வெட்டி இழுக்கும், திரும்ப வரும். அதற்குள் அக்காள் "தண்ணியா? சோறா? அம்மாவா?" என்று மூன்று கேள்வி கேட்டு முடித்திருப்பாள். பிள்ளை கையைத் தொங்கப் போட்டுவிடும். இது தன் வாயின் குற்றம் என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் ஒரு வழி செய்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் முழுவதும் சொல்லுவாள். ஆமென் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உதடு மட்டும் அசையும். அந்த உதட்டைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும், கைவிலங்கு போட்ட திருடனைப் போல நிற்பாள்.

ஒரு சாயங்காலம், காளியம்மா வருகிற நேரம், ரமணி சேலைக் கிழிசலைத் தொட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, வெள்ளைப் பொத்தானைத் தொட்டாள். அம்மா வேண்டும். அக்காள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு ரமணி இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டாள். மூன்றாவதை மட்டும் அவளால் சேர்க்க முடியவில்லை. அதற்குள் தோள் சோர்ந்து கை விழுந்துவிடும்.

அடுத்தது சண்டை. காளியம்மா ஒருநாள் விடிந்தும் விடியாமலும் எங்கள் கதவைத் தட்டினாள்.

"நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க டீச்சரம்மா! கட்டப் போனா அந்தக் கறுப்புப் பொத்தான்லயே குத்துறா. நேரம் ஆவுது, பெரட்டுல பேர் கூப்பிட்டுருவான். நான் என்ன செய்ய?"

"அவ வேணாம்னா நிறுத்தணும் காளியம்மா. சொல்லியும் நிறுத்தலைன்னா அந்த வார்த்தை அவளுக்கு இல்லன்னு ஆயிரும். அப்புறம் எதுக்கு அந்தப் பலகை?"

"அப்ப எனக்குப் பதிலா நீங்க பால் வெட்டப் போறீங்களா?"

நியாயமான கேள்வி. அக்காளால் பால் வெட்ட முடியாது. அதனால், காளியம்மா விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும்போதே ரமணியை எங்கள் வீட்டில் விட்டுவிடுவது, நான் கஞ்சி ஊட்டுவது, பள்ளி நேரத்துக்கு அக்காள் தன் பழைய சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துத் துண்டால் கட்டித் தள்ளிக்கொண்டு போவது, மாலையில் காளியம்மா வந்து எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கறுப்புப் பொத்தானைத் தேடியிருப்பேன்.

சைக்கிளை மேட்டில் தள்ளுவது லேசில்லை. மழைக் காலத்தில் செம்மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தால் அக்காளுக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள். அந்த வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் களைப்பு ஒரு ஆளாகவே கூடக் குடியிருந்தது. ஆனால் காவல் வாசலில் நின்ற ஜைனல் மட்டும் தினமும் ரமணியின் அட்டையை வாங்கிப் பார்த்து, "சிலாமாட் பாகி, ரமணி" என்று காலை வணக்கம் சொல்லுவான். அவள் கம்பியையும் வெள்ளைப் பொத்தானையும் தொட்டுக் காட்டுவாள். வெளியே போகணும். அவன் கதவைத் திறப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் தினமும் எங்கள் வீட்டுக் கஞ்சியைச் சகித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோவதும் குற்றம் ஆயிற்று. பால் வெட்டுகிறவர்கள் வெறுங்கையோடு போய், வெறும் வயிற்றோடு வேலை செய்தார்கள். வாசலில் பால் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், பெண்களின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். பலகையை யாரும் பார்க்கவில்லை. தினமும் கண்ணில் பட்டுப் பட்டு அது ரமணியின் கை கால் மாதிரி ஆகிவிட்டது.

சுங்கைப் பட்டாணியில் இருந்து புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி சோதனைக்கு வந்த காலை, அக்காளுக்குக் காய்ச்சல். படுத்திரு என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா? சைக்கிளை நான் தள்ளினேன், அவள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் ரமணி வழக்கம்போலப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கம்பியைத் தொட்டாள். அதிகாரி குனிந்து பார்த்தான். பேனாக்கத்தியை எடுத்து அரிசிக் கட்டத்தைச் சுரண்டினான். ஒரு மணி உதிர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. ஜைனலைப் பார்த்தான்.

ஜைனலின் முகம் வெளுத்துவிட்டது. "பெராஸ், துவான்" என்றான் மெதுவாக. அரிசிதான், ஐயா. அந்த ஒரு மணி அவன் வேலைக்கும் சேர்த்து அல்லவா உலை வைத்துவிட்டது.

மனோகரனை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். காளியம்மா ரப்பர்க் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மனோகரன் அதிகாரியிடம் இங்கிலீஷில் என்னவோ குழைந்துவிட்டு எங்கள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை.

"டீச்சர், புத்தி சரியில்லாத பிள்ளை, வெளையாட்டா எடுத்து ஒட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட விட்டுருவான். இல்லன்னா உள்ள தூக்கி வச்சிருவான், வேலையும் போயிரும். ஆனா ஒண்ணு, புத்தி சரியில்லைன்னு ஆயிட்டா இந்தப் பிள்ளைய இனிமே வாசலுக்கு வெளியே விடமாட்டாங்க. அதுக்கு என்ன செய்யிறது? முன்ன மாதிரி வீட்டுல கெடக்கட்டும்."

வீட்டில் கிடப்பது என்றால் தூண், பழைய சேலை, விடிந்ததிலிருந்து மாலை வரை. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். ரமணி மனோகரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அவளை எனக்குத் தெரியும், அந்த நிமிஷத்தில் அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை. "ஆமா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளாத்தான் ஒட்டிக்கிட்டா" என்றாள்.

அது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். நானாக இருந்தால் மனோகரன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

மனோகரன் அதிகாரி பக்கம் திரும்பினார். அப்போது 'டொக்' என்று சத்தம் கேட்டது. ரமணியின் முஷ்டி கறுப்புப் பொத்தான் மேல் இருந்தது. கையைத் தூக்கினாள், ஆடி ஆடி மறுபடியும் அதே இடத்தில் இறக்கினாள். மறுபடியும். கண் அக்காள் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது கோபம். பச்சையான கோபம்.

அதிகாரி என்னவோ கேட்டான். "கை இழுக்குதுன்னு சொல்லிரவா டீச்சர்?" என்றார் மனோகரன் அவசரமாக. அதையும் நம்பியிருப்பார்கள். அக்காளின் உதடு அசைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, அருள் நிறைந்த மரியே சொல்கிறாள். முழுவதும் சொல்லி முடித்தாள். ரமணியின் கை பொத்தானிலேயே இருந்தது.

"வேணாங்கிறா" என்றாள் அக்காள். "நான் சொன்னது வேணாங்கிறா. அவளுக்கு எல்லாம் தெரியும் கிராணியார். நான் சொன்னது பொய். அப்படியே சொல்லுங்க."

அதிகாரி நம்பவில்லை. அவன் பேரில் குற்றமில்லை, யார்தான் நம்புவார்கள்? பலகையைத் தானே வாங்கி ரமணிக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அக்காளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான். அரிசியை ஒட்டியது யார் என்று கேட்கச் சொன்னான். மனோகரன் கேட்டார்.

ரமணி பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். அம்மா இருந்தாள், பள்ளிக்கூடம் இருந்தது, டீச்சர் இல்லை. ஊருக்கெல்லாம் வார்த்தை ஒட்டிய என் அக்காளுக்குத் தன்னை ஒட்டிக்கொள்ளத் தோன்றவே இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்று பின்னால் இருந்து அக்காள் கெஞ்சினாள். நானும் மனசுக்குள் செபத்தை ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் ரமணி பலகையை விட்டுவிட்டு, கழுத்தை அப்படியே திருப்பி, கட்டிய துண்டு அவிழ்கிற மாதிரி உடம்பையே அக்காள் பக்கம் வீசினாள். சைக்கிள் என் கையை மீறிச் சாய்ந்தது. அக்காள் பாய்ந்து வந்து தாங்கினாள். முஷ்டி அவள் தோளில் வந்து இடித்து அங்கேயே நின்றது. இவள்தான்.

உண்மையைச் சொல்லி என் அக்காளைக் காட்டிக் கொடுத்தாள். அக்காள் சேற்றில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள்! "பாத்தியா ஜேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா, பாத்தியா?" எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது.

அக்காளை ஜீப்பில் ஏற்றினார்கள். பாய்ந்து பிடித்ததில் செருப்பு வார் அறுந்து ஒரு செருப்பு சேற்றில் சிக்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு போனாள். போகும்போது அந்த அதிகாரி கையிலிருந்த பலகையைப் பார்த்து, அரிசிக் கட்டத்தை மட்டும் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, ரமணியின் மடியில் திருப்பி வைத்தான். அந்தப் பெண் வெளியே போகலாம் என்று ஜைனலிடம் சொன்னதாக மனோகரன் பிறகு சொன்னார்.

சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் கொஞ்ச நாள் வைத்துவிட்டு, கண்டித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு சிட்டிகை அரிசியை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன வழக்கு நடத்துவார்கள்? ஆனால் துரை விடவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஜைனலை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். ரமணிக்கு வாசல் திறந்திருந்தது, சைக்கிளைத் தள்ளத்தான் ஆள் இல்லை. வாழ்க்கை எப்போதும் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது, எனக்கு அதன் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்காள் பிறகு டவுனில் கோயிலைச் சேர்ந்த சின்னப் பள்ளியில் வேலை பார்த்தாள். பேச வராத பிள்ளை எங்கேயாவது இருக்கிறது என்று யாராவது சொன்னால் மெர்போக்குக்குக்கூடப் பஸ் ஏறிப் போவாள், பையில் ஒரு பலகையோடு. அரிசிக்குப் பதில் ஒரு சின்னத் தகரக் கரண்டி ஒட்டியிருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. யாரிடம் பேசினாலும் கேள்விக்குப் பிறகு உதடு மட்டும் அசையும். அதைத்தான் சாமியார் அமைதி என்று நினைத்துக்கொண்டார். ரமணி என்ன ஆனாள் என்று தெரியவில்லை. சில வருஷத்தில் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், சனங்கள் கலைந்துபோனார்கள். காளியம்மா மகளோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கூலிம் பக்கம் போய்விட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். அக்காள் இரண்டு பக்கமும் தேடினாள்.

நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளை இன்னும் சொல்லவில்லை.

டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த கவுஸ் அண்ணன் சாமான் ஏற்றத் தன் லாரியைக் கொண்டுவந்திருந்தார். சைக்கிளைக் காளியம்மாவின் அஞ்சடியில் விட்டுவிட்டோம். வாசலில் லாரியை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காளியம்மா வந்தாள். பின்னால் ரமணி, மடியில் பலகை. அக்காள் இறங்கினாள்.

பலகையில் அரிசி இருந்த கட்டத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. சேற்றைக் கழுவித் துடைத்த, அக்காளின் அறுந்த செருப்பு வார்.

காளியம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "செருப்பப் போயி ஒட்டுறதான்னு எனக்கு மனசே வரல டீச்சரம்மா. பூவ எடுத்து வச்சேன், வேணாம்னுட்டா. நீங்க குடுத்த பென்சில எடுத்து வச்சேன், வேணாம்னுட்டா. அப்புறம் நான் ஒண்ணும் பேசல. மாரியாத்தா பேரச் சொல்லிக்கிட்டே பேசாம உக்காந்துட்டேன். அவளா இத எடுத்துக் குடுத்தா. நான் பால் மட்டுந்தான் ஊத்துனேன்."

அதற்குள் ரமணியின் கை மேலே எழும்பிவிட்டது. அது ஆடி ஆடி வந்து செருப்பு வாரைத் தொட்டது. அங்கிருந்து கம்பிக்குப் போனது. தோள் நடுங்கியது, வழக்கமாகக் கை விழுகிற இடம் அது. விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையின் மறு கோடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கறுப்புப் பொத்தானில் வைத்தாள்.

டீச்சர். வெளியே. வேண்டாம்.

மாதக்கணக்கில் அக்காள் தவம் கிடந்த மூன்று வார்த்தை. அவள் ரமணியின் முன்னால் மண்டியிட்டு அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு ரமணி. நீ சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள். உதடு அசைந்தது. ஆமென் வந்த பிறகும் அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை.

"டீச்சர், ஊரடங்குக்குள்ள போய்ச் சேரணும்லா" என்றார் கவுஸ் அண்ணன்.

அக்காள் கையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். லாரி கிளம்பியது. எஞ்சின் சத்தத்தில் பலகைச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கை எழும்புவதும் இறங்குவதும் தெரிந்தது. எழும்பி, ஆடி, அதே இடத்தில் இறங்கியது. ரோடு திரும்புகிற வரையில் அது நிற்கவில்லை, நாங்களும் லாரியை நிறுத்தவில்லை.